முதல் பிரதியும் மஞ்சள் போடாத சாம்பாரும்

கேரளாவுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று மைசூரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "படகு வீடா?" என்று கேட்டார். இல்லை, மச்சானைச் சமாதானப்படுத்தப் போகிறோம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, பால்காரரிடம் தான் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

கேரளா என்றால் காயலும் படகும் கரிமீனும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த கேரளாவில் காயலே கிடையாது. நான் பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம். நெல், தென்னை, கள்ளுக்கடை, கோயம்புத்தூர்த் தமிழ். என் மனைவி பிறந்தது இடுக்கி மலையில் வட்டவடை. கேரட், முட்டைக்கோஸ், பூண்டு, மதுரைப் பக்கத்துத் தமிழ். இரண்டு பேருமே பஸ்ஸில் ஏறினால் மட்டும் மலையாளம் பேசுகிறவர்கள்.

மனைவி பெயர் பேச்சியம்மாள். மைசூரில் கன்னடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பழைய கன்னடத்தில் ஜைனக் கவிகள் எழுதிவைத்த காவியங்கள்தான் அவள் படிப்பு. அதில் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்து, வரிக்கு வரி உரையும் எழுதி முடித்திருந்தாள். எந்தக் காவியம் என்று இங்கே சொன்னால், விளம்பரம் செய்கிறேன் என்று கோபித்துக்கொள்வாள். தலைக்கு வைத்துப் படுக்கிற அளவுக்குக் கனமான புத்தகம் என்று மட்டும் சொல்கிறேன். அதைப் பாலக்காட்டில்தான் வெளியிட வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிக்க, அங்குள்ள தமிழன்பர்கள் சிலர் மண்டபம் ஏற்பாடு செய்தார்கள். முதல் பிரதியைப் பெற்றுக்கொள்பவர் என்று அழைப்பிதழில் தன் அண்ணன் கருப்பையாவின் பெயரைப் போடச் சொன்னாள்.

அங்கேதான் சிக்கல். அண்ணனிடம் அவள் கேட்கவே இல்லை. கேட்கவும் முடியாது, ஏனென்றால் சில வருடங்களாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. ஒரு மேற்கோள் சரியா என்று பார்க்க ஊர் ஊராக நூலகம் ஏறி இறங்குகிறவள், ஆளைக் கேட்காமல் பெயரை அச்சடித்துவிட்டாள். இனி வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் போய் அழைத்தால்தான் மரியாதை. அவர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் மேடையில் அவமானம் என்பதுகூடப் பெரிதில்லை. அதன்பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. பேச்சிக்கு அந்தப் பயம் வழியெல்லாம் இருந்தது.

முதல் நாள் சித்தூரில் என் அண்ணன் வீட்டில் தங்கினோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னந்தோப்பைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. அண்ணி வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்கொ கொழுந்தனாரே. ஏனுங்க அம்மிணி, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? மைசூர்ல சோறு போடறதில்லீங்களா எங்க கொழுந்தனாரு?"

"அவதானுங்க எனக்குப் போடோணும்," என்றேன். அண்ணி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மதியம் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்குகிற அரிசிம்பருப்பு. எங்கள் பக்கத்தில் அதற்குச் சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாக விழும். அண்ணி அப்படி ஒரு பானையும், வெங்காயம் பூண்டு இல்லாமல் பேச்சிக்காகச் சின்னப் பானை ஒன்றும் வைத்திருந்தார். இரண்டிலும் ஒரே மாதிரி நெய் ஊற்றினார். பேச்சி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இந்தச் சின்னப் பானையின் கதையைச் சொல்லிவிட வேண்டும். காவியத்தில் விரதங்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. மண்ணுக்குள் விளைவதைப் பிடுங்கினால் செடியே செத்துப்போகும், கூடவே அந்த மண்ணிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் சாகும், அதனால் ஜைனர்கள் கிழங்கு, வெங்காயம், பூண்டு, கேரட் எதுவும் தின்பதில்லை. பொழுது விழுந்தபின் சாப்பிடுவதும் இல்லை. இதற்கு உரை எழுதுகிறவள் ஒரு மாதமாவது அப்படி இருந்து பார்க்க வேண்டாமா என்று பேச்சி ஆரம்பித்தாள். அந்தப் பகுதி முடிந்தது, அடுத்த பகுதியும் முடிந்தது, விரதம் முடியவில்லை. மதம் மாறினாளா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு பூஜை அலமாரியில் அவள் குலசாமி படம் அதே இடத்தில்தான் இருக்கிறது. படித்ததில் ஒன்றைக் கடைப்பிடிக்கிறாள், அவ்வளவுதான்.

சித்தூரில் அது ஒரு சின்னப் பானையோடு தீர்ந்தது. வட்டவடையில் தீரவில்லை. கருப்பையா மச்சானின் தோட்டத்தில் விளைவது முழுக்க மண்ணுக்குள் விளைவதுதான். பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விற்றுத்தான், அப்பா இல்லாத தங்கையைச் சித்தூருக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். அவர் மகள் கல்யாணப் பந்தியில் பேச்சி இலையிலிருந்த உருளைக்கிழங்கையும் பூண்டையும் ஓரமாக ஒதுக்கிவைத்தாள். பக்கத்து இலைக்காரர் ஒருவர், "கருப்பையா, ஒந்தங்கச்சிக்கு ஒந்தோட்டமே பாவமாம்ல," என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். மச்சான் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அதோடு பேச்சு நின்றது.

சாயங்காலம் காலாற நடந்தபோது கள்ளுக்கடையின் பக்கம் நான் திரும்பிப் பார்த்தேன். பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நேராக நடந்து வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மண்டபத்தைப் பார்க்கப் பாலக்காடு போனோம். ஜைனமேட்டுக் கோயில் பக்கத்தில்தான் என்பதால் அங்கேயும் போனோம். மற்றக் கோயில்களைப் போல வண்ணம் இல்லை, கூட்டம் இல்லை, கடை இல்லை. கருங்கல்லும் அமைதியும்தான். வைர வியாபாரம் செய்த ஜைனர்கள் கட்டியது என்கிறார்கள். வந்திருந்த இரண்டு மலையாளி இளைஞர்களில் ஒருவன், "இங்கே பிரசாதம் கிடையாதா?" என்று மலையாளத்தில் கேட்க, மற்றவன், "சும்மா இரு, இவர்கள் பட்டினி கிடப்பவர்கள்," என்றான். பேச்சி அவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் எடுத்துவிடுவாளோ என்று பயந்தேன். அன்று அவளுக்கு மனசு அதில் இல்லை.

எல்லாம் ஆரம்பித்தது அந்தக் கோயிலில்தான். சித்தூரில் தமிழ் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தோழிகளோடு பாலக்காட்டுக்கு வந்தவள் மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள். உள்ளே ஒரு அம்மா கன்னடத்தில் ஏதோ துதி பாடிக்கொண்டிருந்தார். கன்னடம் ஒரு எழுத்துத் தெரியாத பேச்சிக்குப் பாதி புரிந்தது. மீதி என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் மைசூருக்குப் போனாள். அந்த மீதிக்கு ஆயுள் முழுவதும் தேவைப்பட்டது. கல்லூரியில் அவளோடு படித்த நானும், அவளைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போய், அங்கே மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்தேன்.

காவியத்தோடு அவள் நிற்கவில்லை. உண்ணாநோன்பிருந்து உயிர் விட்ட ஜைனத் துறவிகளுக்கு நட்ட பழைய கற்கள் கர்நாடகத்துக் கிராமங்களில் சிதறிக் கிடக்கின்றன. விடுமுறை நாளெல்லாம் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவற்றைத் தேடினாள். சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த எழுத்துத் தெரியும் என்று விடியும் முன்பே கிளப்பிவிடுவாள். ஒரு ஊரில் அப்படி ஒரு கல் துவைக்கிற கல்லாகக் கிடந்தது. துவைத்துக்கொண்டிருந்த பெண் கல்லை விட மாட்டேன் என்றார். ஒரு மூட்டைத் துணி பாக்கி. பேச்சி கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி மைப்படி எடுத்துக் காயவிட்டுவிட்டு, அந்தத் துணி மூட்டையை வேறு கல்லில் துவைத்துக் கொடுத்தாள். அலசிப் பிழிந்தது நான். காகிதம் காய்ந்ததும் அதிலிருந்த துறவியின் பெயரை அவள் சத்தமாகப் படித்தாள். ஒரு பெண்ணின் பெயர். துவைத்துக்கொண்டிருந்த பெண் அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அடுத்த முறை நாங்கள் போனபோது கல் வேப்பமரத்தடியில் நிமிர்த்தி நடப்பட்டிருந்தது. பொட்டும் வைத்திருந்தார்கள். இப்படி எத்தனையோ கற்களை அவள் நிமிர்த்தியிருக்கிறாள். ஸ்கூட்டர் ஓட்டியவன் என்ற முறையில் எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

மூன்றாம் நாள் மலை. மதினிக்கு, அதாவது மச்சானின் மனைவி மாரியம்மாவுக்கு, நான் போன் செய்து மதியச் சாப்பாட்டுக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தேன். உடுமலை தாண்டிச் சின்னாற்றுக் காட்டுக்குள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு யானைக் குடும்பம் ரோட்டோரம் மூங்கில் ஒடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஒருவரும் பதறவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பின்னால் ஒரு அம்மா போனில் யாரிடமோ மலையாளத்தில், "ஆனை சாப்பிட்டு முடிந்ததும் கிளம்பும், நீ அரிசியைப் போட்டுவிடாதே," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் மைசூர்ச் சாலையில் இப்படி நின்றால் பத்துப் பேர் இறங்கி போட்டோ எடுத்து யானையைக் கோபப்படுத்தியிருப்பார்கள். பேச்சி மட்டும் கைக்கடிகாரத்தையும் மடியிலிருந்த வெற்றிலைப் பையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

மூணாறில் மதியம் கடந்துவிட்டது. ஜீப் கிடைத்தது. ஜீப் என்றால் எங்களுக்கு மட்டும் இல்லை. பின்னால் உர மூட்டைகள், அவற்றின் மேல் மூன்று ஆட்கள், என் காலடியில் ஒரு கூடைக் கோழிக்குஞ்சு. டூரிஸ்ட் கார்களின் வரிசையில் ஊர்ந்து, காட்டுக்குள் வந்தபோது டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். டிரைவர் செல்வம் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு எதிரே வந்த ஜீப்பில் ஏறிப் போனான்.

"கவலப்படாதீக டீச்சர், இந்தா வந்திர்றேன்," என்றான். அவன் வந்து சேர்ந்தபோது மரநிழல் ரோட்டைத் தாண்டி விழுந்திருந்தது.

"அம்மிணி, போன்ல சொல்லிப் போடட்டுமா, லேட்டாகுதுன்னு?" என்றேன். டவர் இல்லை. இருட்டுவதற்குள் போய்ச் சேராவிட்டால் அண்ணன் வீட்டில் அவள் சாப்பிட முடியாது. சாப்பிடாவிட்டால் பழைய புண் மறுபடி கிளறப்படும்.

வட்டவடை ஒரு கிண்ணம் மாதிரி. சுற்றிலும் மலை, சரிவெல்லாம் படிப்படியாகத் தோட்டம். நாங்கள் இறங்கியபோது சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விட்டது. ஊர் முழுக்க நிழல். குளிர் சட்டைக்குள் புகுந்தது.

மதினி வாசலிலேயே நின்றிருந்தார். "வாத்தா பேச்சி. வாங்க தம்பி. இம்புட்டு நேரமா? ஒங்கண்ணே காலைல இருந்து அடுப்படிய விட்டு நகரல. களையெடுக்க வந்த ஆள்களையும் திருப்பி அனுப்பிட்டாரு."

மச்சான் உள்ளேயிருந்து வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. "வாங்க மாப்ள," என்றார் என்னிடம். தங்கையைப் பார்க்கவில்லை. இலை போட்டிருந்தது. மூடிவைத்த பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. பேச்சி வாசற்படியில் நின்று மேற்கே பார்த்தாள். நானும் பார்த்தேன். மலைக்கு மேலே வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது, சூரியன் இல்லை.

"என்னத்தா, உக்காரு," என்றார் மதினி.

பேச்சி தயங்கினாள். அந்தத் தயக்கம் போதுமானதாக இருந்தது.

"உக்கார மாட்டா," என்றார் மச்சான். "பொழுது போயிருச்சுல்ல. இத்தன வருசங் கழிச்சு வந்தும் எம் வீட்டுல கை நனைக்க மாட்டா."

"அண்ணே, சூரியன் இருந்தா..." என்று பேச்சி ஆரம்பித்தாள். குரல் உடைந்துவிட்டது. எந்த மேடையிலும் அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

மச்சான் அவளை முதல்முறையாகப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். "சூரியே எங்க போயிருச்சு? மலைக்கு அங்கிட்டுத்தான இருக்கு. மாரி, சட்டி பானையெல்லாம் எடுத்து வண்டில வையி."

"எங்கிட்டுக் கொண்டுபோக?" என்றார் மதினி.

"சூரியே இருக்கற எடத்துக்கு."

அவருடைய பழைய ஜீப்பில் சோற்றுப் பானையை மதினி மடியில் வைத்துக்கொண்டார். சாம்பார்ச் சட்டி என் மடியில். கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரத்தோப்புகளுக்கு நடுவே வண்டி முக்கி முனகி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் சாம்பார் என் வேட்டியில் கொஞ்சம் விழுந்தது. மேலே ஒரு மொட்டைப் பாறையில் வண்டியை நிறுத்தினார். மேற்கே மலை மலையாகக் கிடந்தது. அவற்றின் மேல் நாலு விரல் உயரத்தில் சூரியன் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது.

"இப்பச் சாப்பிடலாமுல்ல?" என்றார் மச்சான்.

பேச்சி பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மதினி இலையைப் போட்டுச் சோறு வைத்தார். பீன்ஸ் பொரியல், முட்டைக்கோஸ் கூட்டு, சௌசௌ என்கிற மேரக்காயில் சாம்பார். மண்ணுக்கு மேலே விளைந்தது மட்டும். ஆனால் சாம்பார் வெள்ளையாக இருந்தது. கூட்டும் வெள்ளை. நான் குனிந்து என் வேட்டியைப் பார்த்தேன். அதிலும் ஒரு மஞ்சள் கறை இல்லை.

"என்ன மதினி, சாம்பார் வெளுப்பா இருக்கு?" என்று பேச்சி கேட்டாள்.

"மஞ்சப்பொடிய ஒங்கண்ணே தொட விடலத்தா. மஞ்சளும் மண்ணுக்குள்ள வெளையறதுதானங்கிறாரு. கடலெண்ணெயும் ஆகாதாம். கடலையும் மண்ணுக்குள்ளதானாம். ஆளனுப்பித் தேங்காயெண்ணெய் வாங்கியாரச் சொல்லி, அதுலதான் தாளிச்சது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைசூரில் எத்தனை ஜைன வீடுகளில் சாப்பிட்டிருக்கிறோம். பச்சை மஞ்சளைத்தான் தொட மாட்டார்கள், காய்ந்த மஞ்சள் பொடி ஆகும். கடலையும் ஆகும். பூண்டுக்காரர் தன் கணக்கில் மண்ணுக்குள் விளைவதையெல்லாம் ஒன்றுவிடாமல் தள்ளிவைத்து, ஜைனர்களையே மிஞ்சிவிட்டார். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பேச்சி என் முழங்காலில் நறுக்கென்று கிள்ளினாள். மூச்சுக்கு முந்நூறு தடவை என்னைத் திருத்துகிறவள், மாணவர்களின் கட்டுரையில் ஒரு கால்புள்ளியை விடாதவள்.

"ஏதும் தப்பா இருந்தாச் சொல்லு," என்றார் மச்சான்.

"எல்லாம் சரியா இருக்குண்ணே," என்றாள் பேச்சி.

உண்மையில் அந்தச் சாம்பார் நன்றாகவே இருந்தது. அதைவிட, அவர் பக்கத்தில் நின்றுகொண்டே அவளுக்குப் பரிமாறியது நன்றாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும், பாறையிலேயே வெற்றிலை பாக்கு பழத்தோடு அழைப்பிதழை வைத்துக் கொடுத்து, அண்ணன் காலில் விழுந்தாள். மச்சான் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்தைத் தடவித் தடவிப் படித்தார்.

"முதல் பிரதி பெற்றுக்கொள்பவர், திரு. கருப்பையா, பூண்டு விவசாயி, வட்டவடை." நிறுத்தினார். "கேக்காமயே பேரப் போட்டுட்ட."

"ஆமாண்ணே."

"எல்லாருக்கும் டாக்டரு, பேராசிரியருன்னு போட்ருக்கு."

"ஒனக்குந்தான் போட்ருக்கு."

"நீ திங்காத பூண்டு."

"நான் திங்காட்டி என்ன. என்னையப் படிக்கவச்சது அதுதான. எங்க போனாலும் நான் பூண்டுக்காரர் தங்கச்சின்னுதாண்ணே சொல்றேன்."

மச்சான் அழைப்பிதழை மடித்து மறுபடி பிரித்தார். "நா வரலேன்னா?"

"வரலேன்னா அந்தப் பிரதி மேசையிலயே கெடக்கும். வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்."

அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. சூரியன் போனபின் ஜீப்பில் இறங்கினோம். மறுநாள் காலை புறப்படும்போதும், "பூண்டுக்குக் களையெடுக்கணும், ஆள் கெடைக்கறதே பெரும்பாடு," என்று மட்டும் சொன்னார். பேச்சி வழியெல்லாம் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சின்னாற்றில் யானைகூட இல்லை.

விழா நாள் காலையில் மண்டபத்துக்குப் போனபோது சமையல்கட்டில் சத்தம். வட்டவடை ஜீப் வாசலில் நின்றது. உள்ளே மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூட்டை மூட்டையாகப் பீன்ஸும் முட்டைக்கோஸும் பட்டாணியும் இறக்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"உருளைக்கெழங்கு வெங்காயமெல்லாம் எடுத்து வெளிய வைங்கப்பா," என்று சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த மஞ்சப்பொடி டப்பாவையுந்தான்."

"மஞ்சள் இல்லாம சாம்பாரா?" என்று சமையல்காரர் என்னைப் பார்த்தார்.

"அவரு சொல்றாப்ல செய்யுங்க," என்றேன். பேச்சி தூணோரம் நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விழாவுக்கு மைசூரிலிருந்து தரணேந்திரையா வந்திருந்தார். பரம்பரை ஜைனக் குடும்பம், தானும் கன்னடப் புலவர். கன்னடத்தில் பேசினார். "எங்கள் வீட்டுப் பரணில் எங்கள் முன்னோர் கட்டிவைத்த சுவடிகளை எங்களுக்கே வாசித்துக் காட்டியவர் இந்தத் தமிழ்ப் பெண். எங்கள் பிள்ளைகள் மறந்த சொற்களை இவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்." அதைத் தமிழில் சொல்ல வேண்டியவர் திணறியதால், பேச்சியே தன்னைப் பற்றிய புகழ்ச்சியைத் தானே மொழிபெயர்க்க வேண்டிவந்தது. பாதியை விழுங்கிவிட்டாள். விட்டதையெல்லாம் முன்வரிசையில் இருந்த நான் எழுந்து நின்று சேர்த்துச் சொன்னேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதல் பிரதியை மச்சான் இரண்டு கையாலும் வாங்கி, தோள் துண்டை எடுத்து அதில் சுற்றினார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒலிவாங்கியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"எந்தங்கச்சி எந்தோட்டத்துப் பூண்டத் திங்க மாட்டா," என்றார். "நானும் அவ புத்தகத்தப் படிக்க மாட்டேன், எனக்கு அம்புட்டுப் படிப்புக் கெடையாது. ஆனா ரெண்டுமே நல்ல சரக்கு. அம்புட்டுத்தான்."

கைதட்டல் ஓய வெகுநேரமானது. என் அண்ணி எழுந்து நின்று தட்டினார்.

பந்தியில் தரணேந்திரையாவின் பக்கத்தில் மச்சானை உட்காரவைத்தோம். வெள்ளைச் சாம்பாரைக் கையால் தொட்டுப் பார்த்த தரணேந்திரையா, பரிமாறிக்கொண்டிருந்த பேச்சியிடம் கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார்: "மஞ்சள் நமக்கு ஆகுமே அம்மா. இது எந்த ஊர் ஆசாரம்?"

"வட்டவடை ஆசாரம்," என்றாள் பேச்சி, கன்னடத்திலேயே. "எங்கள் அண்ணன் ஏற்படுத்தியது."

அவர் மச்சானை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். மச்சான் என்னிடம், "என்ன மாப்ள கேக்குறாரு?" என்றார். சாம்பார் நல்லா இருக்குன்னு சொல்றாருங்க என்றேன்.

மைசூருக்குத் திரும்பிய பிறகும் எங்கள் வீட்டுச் சாம்பார் வெள்ளைதான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். காய்ந்த மஞ்சளுக்கு எந்த நூலும் தடை சொல்லவில்லை என்று அவளுடைய உரையிலிருந்தே எடுத்துக் காட்டினேன். அந்த உரையை எழுதியவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் மச்சான் போன் செய்தார். இப்போதெல்லாம் அடிக்கடி செய்கிறார். "மாப்ள, கிருஷி பவன்ல ஒரு விவசாய ஆபீசர்ட்ட விசாரிச்சேன். பெருங்காயம் ஏதோ செடியோட வேரக் கீறித்தான் எடுக்கறதாம்ல? நம்ம பேச்சிக்குத் தெரியுமா?"

அந்தக் காவியங்களிலேயே ஊறியவள். அவளுக்கா தெரியாது? பெருங்காயம் ஜைன வீடுகளில் தாராளமாகப் புழங்குவதும் தெரியும். போனை வாங்கி, "அப்படியாண்ணே? எனக்குத் தோணவே இல்லையே," என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்துவந்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தாள்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"எங்க அண்ணன் வேண்டாம்னு சொல்லிட்டார்," என்றாள் பேச்சி. பட்டம் வாங்கிய அன்றுகூட அவள் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் பார்த்ததில்லை.